ஓடிய உப்பு

அத்தியாயம் 3

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தன் அனுமதி இல்லாமல் நடக்கிற எதுவும் உப்புச் செம்மலுக்குப் பிடிக்காது. ஜன்னலை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

'உப்புச் செம்மல்' என்பது பட்டம். உப்பு ஏற்றுமதியாளர் பேரவை வழங்கியது. பேரவையின் தலைவர் அவர். செயலாளர் அவர் மனைவி. உறுப்பினர் சேர்க்கை இன்னும் தொடங்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் அவருடைய ஆளுயரப் படம். உப்புக் குவியலின் மேல் ஒற்றைக் காலை ஊன்றி, சுட்டு வீழ்த்திய புலியின் மேல் நிற்கிற பாவனையில் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தின் அடியில் தங்க எழுத்துகள் மின்னின:

'நம் உப்பு உலகெங்கும் ஓட வேண்டும்! எங்கும் தேங்கி நிற்கக் கூடாது! — உப்புச் செம்மல்.'

எதிரே உட்கார்ந்திருந்த துப்பறிவாளர் அதை இரண்டு தடவை படித்தார். அவர் எதையும் இரண்டு தடவை படிப்பவர். மனைவியின் சமையல் குறிப்பைக்கூட. அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் வெயிலானாலும் மழையானாலும் குடையோடு திரிந்ததால் எல்லோருக்கும் அவர் 'குடை'தான். பெயர் பயன்படாமலே துருப்பிடித்துவிட்டது.

பக்கத்தில் அவருடைய உதவியாளர் வம்பு. முன்பு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். நீதிபதி சொன்னதை எழுதாமல், நீதிபதி என்ன நினைத்திருப்பார் என்பதை எழுதியதால் வேலை போனது.

"மிஸ்டர் குடை," என்றார் செம்மல், குரலில் ஒரு மேடையை ஏற்றிக்கொண்டு. "இது என் கம்பெனி மேல நடந்த தாக்குதல் இல்ல. கடல் மேலயே நடந்த தாக்குதல்."

"கடல் புகார் குடுத்திருக்கா சார்?" என்று கேட்டாள் வம்பு.

செம்மல் அவளைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலே இருந்த காற்றைப் பார்த்தார். பெரிய மனிதர்கள் கோபப்படுகிற முறை அது.

விஷயம் இதுதான். செம்மலின் கம்பெனி இரண்டு வகை உப்பு தயாரிக்கிறது. ஒன்று உள்ளூர் மளிகைக் கடைகளுக்கு. இன்னொன்று வெளிநாட்டுக்கு. வெளிநாட்டு பாக்கெட்டின் முகத்தில் 'கடல் உப்பு மட்டுமே. வேறு எதுவும் சேர்க்கப்படவில்லை' என்று ஒரு வாசகம் இருக்கும். அந்த வாசகத்தை நம்பித்தான் அங்கே அதைப் பல மடங்கு விலைக்கு வாங்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். அங்கே அனுப்பிய முதல் கண்டெய்னரை அந்த நாட்டு உணவுத் துறை துறைமுகத்திலேயே நிறுத்தி, ஒரு சிட்டிகை எடுத்துப் பரிசோதித்தது. உள்ளே வேறு ஒன்று இருந்தது.

"ஆன்ட்டி கேக்கிங்," என்றார் செம்மல், கெட்ட வார்த்தை சொல்கிறவர் போல.

"எந்த ஆன்ட்டி சார்? என்ன கேக்?" என்றாள் வம்பு.

"உப்பு கட்டி பிடிக்காம இருக்கப் போடுற பவுடர்," என்றார் குடை. "உள்ளூர் உப்புல எல்லாரும் போடுறதுதானே? விஷம் ஒண்ணும் இல்லையே."

"அதைத்தான் நானும் கேக்கிறேன்! விஷமா? இல்ல! ஆனா அவன் என்ன எழுதியிருக்கான் தெரியுமா? சேர்த்தா லேபிள்ல சொல்லணுமாம். சொல்லலேன்னா சேர்க்கக் கூடாதாம்."

"நியாயமாத்தானே இருக்கு."

"உப்புக்கு என்னய்யா நியாயம்? கடல் யார்கிட்ட லைசென்ஸ் வாங்குச்சு?" செம்மல் மேசையைத் தட்டினார். "அது கிடக்கட்டும். நாம சேர்க்கலை. சேர்க்கவே இல்ல. அப்ப எப்படி உள்ளே வந்துச்சு? சதி! 'எதுவும் சேர்க்கலை'ன்னு பரிசோதிச்சு கையெழுத்துப் போட்டது யாரு? எங்க லேப் மேடம். போட்டிக் கம்பெனியோட கையாள். புகார் ரெடி. இன்ஸ்பெக்டர் சாயங்காலம் டீக்கு வர்றாரு."

"புகார் ரெடின்னா நான் எதுக்கு?"

"ஆதாரம் வேணுமில்ல?"

வம்பு தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள். செம்மல் சொன்னதை அல்ல.

"சரி, அந்த உப்பைப் பார்க்கலாமா?" என்றார் குடை.

செம்மலின் முகம் மலர்ந்தது. மேசை மேலிருந்த வெள்ளி உப்பு டப்பாவை ஒரு கோப்பையைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கினார். மூடியில் நாலைந்து பொடித் துளைகள். "இது எங்க எக்ஸ்போர்ட் உப்பு. தினமும் காலையில பேக்கிங் ஆகுற இடத்திலேர்ந்து நேரா இங்க வரும். வர்றவங்களுக்கெல்லாம் நானே காட்டுவேன். பாருங்க!"

கவிழ்த்தார். உப்பு சரசரவென்று கொட்டி, கண்ணாடி மேசையில் குட்டிக் கோபுரமாகக் குவிந்தது.

"தண்ணி மாதிரி ஓடுதில்ல?" என்றார் பெருமையாக.

குடை குனிந்து அந்தக் கோபுரத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். மழை அவரைத் திருப்பிப் பார்த்தது. பிறகு தன் குடையிலிருந்து தரைவிரிப்பில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார்.

வம்பு ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். "உப்பாத்தான் சார் இருக்கு. சதி ருசி எதுவும் தெரியலை."

"லேப் எந்தப் பக்கம்?" என்று எழுந்தார் குடை.

*

பரிசோதனைக்கூடம் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. விளம்பரப் பிரிவுக்கு ஒரு தளம் முழுவதும் கொடுத்த கம்பெனி, உண்மையைச் சோதிக்கப் படிக்கட்டின் வயிற்றை ஒதுக்கியிருந்தது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அதனால் லேப் மேடம் உட்கார்ந்தே வரவேற்றாள். வெள்ளைக் கோட்டில் அடையாள அட்டை தொங்க வேண்டிய இடத்தில் வெறும் கொக்கி தொங்கியது. அட்டையைக் காலையிலேயே பிடுங்கிவிட்டார்களாம்.

"நீங்கதான் என்னைப் பிடிக்க வந்தவங்களா?" என்றாள்.

"நாங்க எதைப் பிடிக்க வந்தோம்னு இன்னும் முடிவு பண்ணலை," என்றார் குடை. "பயப்படாதீங்கம்மா."

"பயமெல்லாம் இல்ல சார். எரிச்சல். கையாளா இருந்து சம்பாதிச்சிருந்தா நான் ஏன் இந்தப் பொந்துல கழுத்து வலியோட உட்கார்ந்திருக்கப் போறேன்? ஆனா ஒண்ணு. கலப்படம்னு ஒரு கேஸ் என் பேர்ல விழுந்துட்டா, அப்புறம் ஊறுகாய் கம்பெனியில கூட என்னை வாசல்ல நிக்க விட மாட்டாங்க. படிச்ச படிப்பு, இத்தனை வருஷ வேலை, எல்லாம் கரைஞ்சுடும். வீட்டுல என் மாமியார் இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க. 'நகைக்காக ஜெயிலுக்குப் போனவங்களைப் பார்த்திருக்கேன், உப்புக்கா?'ன்னு கேக்கிறாங்க."

"மாமியாருக்கு நல்ல ரசனை," என்றாள் வம்பு.

"நீங்க சோதிச்ச உப்புல கொஞ்சம் எடுத்து வெச்சிருப்பீங்களே?" என்று கேட்டார் குடை. "அதே கண்டெய்னரோட உப்பு?"

அவள் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிச் சீசாவை எடுத்தாள். மூடியைத் திறந்து கவிழ்த்தாள். எதுவும் விழவில்லை. அடியில் தட்டினாள். விழவில்லை. வம்பு வாங்கி, ஒரு குற்றவாளியை உலுக்குகிற வேகத்தில் உலுக்கினாள். உப்பு ஒரே கட்டியாக, சீசாவின் வடிவத்திலேயே உள்ளே உட்கார்ந்திருந்தது.

"இது உப்பா, சிலையா?"

"மழைக்காலம்," என்றாள் லேப் மேடம். "தினமும் நாலு தடவை திறந்து மூடுற சீசா. காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து இப்படித்தான் இறுகும். ஒண்ணும் சேர்க்காத உப்போட அழகே அதுதான்."

குடை சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் கார் கிளம்பாதபோது வருகிற சிரிப்பு.

"வம்பு, மேல பெரிய மனுஷன் டப்பா எப்படிக் கொட்டுச்சு?"

"அருவி மாதிரி."

"அதே மழை. அதே காத்து. அதே உப்புன்னு அவரே சொல்றாரு. அது ஓடுது, இது நகர மாட்டேங்குது."

வம்பு மாடியை நோக்கி விரலைக் காட்டினாள். "அப்ப பவுடர் நம்ம கண்ணு முன்னாடியே கொட்டுச்சா? அவர் கையாலேயே?"

"சதியைப் பத்திச் சொல்லிக்கிட்டே கொட்டினாரு. அம்மா, நீங்க எங்கேர்ந்து எடுத்துச் சோதிக்கிறீங்க?"

"கலக்குற டிரம்முக்குப் போறதுக்கு முன்னாடி. எக்ஸ்போர்ட் உப்பு டிரம்முல சும்மா சலிச்சுட்டு வெளியே வரணும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்னை உள்ளே விட மாட்டாங்க. அது முதலாளியோட மச்சினர் ராஜ்ஜியம். இன்னைக்கு ரெண்டாவது கண்டெய்னர் ஏறுது. சான்றிதழ்ல கையெழுத்துப் போடுன்னு கேட்டாங்க. முதல்ல டிரம்மைப் பார்க்கணும்னேன். அதுக்குத்தான் அட்டையைப் பிடுங்கிட்டாங்க."

*

பேக்கிங் கூடத்தில் மச்சினர் தலையில் பிளாஸ்டிக் தொப்பியும் காலில் பட்டுக் கரை செருப்பும் போட்டு நின்றார். சுகாதாரத்துக்கு மேல்பாதி, அந்தஸ்துக்குக் கீழ்பாதி. அக்காவைக் கட்டிக்கொடுத்த சீரோடு சேர்ந்து வந்து ஜெனரல் மேனேஜர் ஆனவர். அத்தான் வாயிலிருந்து விழுகிற எதையும் தரையில் விழவிடாமல் பிடிப்பதுதான் அவருடைய நிர்வாகத் திறமை.

பெரிய எஃகு டிரம் உருண்டுகொண்டிருந்தது. அதற்கு மேலே சுவர் முழுக்கச் சிவப்புப் பெயிண்டில் அதே வாசகம்: 'நம் உப்பு உலகெங்கும் ஓட வேண்டும்!' ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஆள் உயரம்.

"இதை எழுதினது யாரு?" என்றார் குடை.

"சொன்னது அத்தான். எழுதினது நான்," என்றார் மச்சினர் நெஞ்சை நிமிர்த்தி. "போன மாசம் மீட்டிங்ல மைக்கைப் பிடிச்சு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. நான் அன்னைக்கே செயல்ல இறங்கிட்டேன்."

"மேல இருக்கிற வெள்ளி டப்பாவை நிரப்புறது?"

"நானேதான். வேற யாரையும் தொட விட மாட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி ஒரு தடவை அவமானமாப் போச்சுங்க. வெளிநாட்டு விருந்தாளி முன்னாடி அத்தான் டப்பாவைக் கவுத்தாரு. விழலை. தட்டினாரு. விழலை. ஓங்கித் தட்டினதும் மூடியே கழண்டு, மொத்தக் கட்டியும் அந்த ஆளோட சூப்புல விழுந்துச்சு. சூப்பு அவர் சட்டையில விழுந்துச்சு. இப்பப் பாருங்க, ஜம்முனு ஓடுது."

"ஓடுது, ஓடுது," என்றார் குடை. சுவரை மறுபடி பார்த்தார். திடீரென்று குடையைத் தரையில் ஊன்றி, தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். மச்சினரும் கூடவே சிரித்தார். எதற்கென்று தெரியாவிட்டாலும், சிரிப்பு வந்தால் கலந்துகொள்வது அவர் வழக்கம்.

"என்ன சார்?" என்று வம்பு கிசுகிசுத்தாள். "சொல்லிட்டுச் சிரிங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு."

"மேல போய்ச் சொல்றேன். இதைக் கேக்க ஒரு போலீஸ்காரர் வேணும்."

*

இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பிஸ்கட்டை டீயில் நனைத்து, அது உடைந்து விழுவதற்குள் வாய்க்குள் கடத்துகிற முக்கியமான பணியில் இருந்தார். அவர் முன்னால் புகார். லேப் மேடம் சுவரோரம் நின்றாள். அங்கே கூரை உயரமாக இருந்ததால் நிமிர்ந்தே நின்றாள்.

"சொல்லுங்க மிஸ்டர் குடை," என்றார் செம்மல். "எந்தக் கம்பெனி? நான் ரெண்டு பேரைச் சந்தேகப்படுறேன்."

"ஒரு கம்பெனியும் இல்ல. உங்களைக் கவுக்கணும்னு யாரும் நினைக்கலை."

செம்மலின் முகம் வாடியது. நல்ல செய்தி கேட்டு ஒரு மனிதர் அப்படி வாடி வம்பு பார்த்ததில்லை.

"அதெப்படி? இவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஒரு எதிரி கூட இல்லைன்னா கேவலமா இல்ல? நல்லாத் தேடினீங்களா?"

"உங்க மச்சினருக்கு ஒரு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

போட்டார். டிரம் உருளும் சத்தத்தோடு மச்சினரின் குரல் வந்தது. "அத்தான்!"

"ஐயா, நான் குடை பேசுறேன். உப்பு ஓடணும்னு அத்தான் மீட்டிங்ல சொன்னதும் நீங்க என்ன பண்ணினீங்க?"

"அதான் சொன்னேனே, செயல்ல இறங்கிட்டேன்னு. எக்ஸ்போர்ட் உப்பு எங்கேங்க ஓடும்? கல்லு மாதிரி தேங்கி நிக்கும். உள்ளூர் உப்புக்குப் போடுற பவுடரை எடுத்து இதுலயும் போடச் சொன்னேன். ஓட ஆரம்பிச்சுடுச்சு!"

டிரம் மட்டும் உருண்டது. இன்ஸ்பெக்டரின் பிஸ்கட் உடைந்து டீக்குள் மூழ்கியது.

"டேய்!" என்று செம்மல் எழுந்தார். பட்டம் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டது. "ஓடணும்னா விக்கணும்னு அர்த்தம்டா! சரக்கு ஓடணும், சரக்கு! கடையில ஓடணும்!"

"விக்கணும்னா விக்கணும்னு சொல்ல வேண்டியதுதானே அத்தான்?" குரல் உண்மையிலேயே புண்பட்டிருந்தது. "நீங்கதானே டப்பாவைக் கவுத்துப் பார்த்துட்டு, 'இதுதான்டா ஓட்டம்'னு என் தோள்ல தட்டுனீங்க? இன்க்ரிமென்ட் கூடக் குடுத்தீங்களே!"

இன்ஸ்பெக்டர் செம்மலைப் பார்த்தார். செம்மல் வெள்ளி டப்பாவைப் பார்த்தார். மேசையில் குட்டிக் கோபுரம் இன்னும் கரையாமல், இறுகாமல், பொடிப்பொடியாகப் பளபளத்தது.

"ஒண்ணும் சேர்க்காத உப்பு இந்த மழையில இப்படிக் கொட்டாது சார்," என்றார் குடை. "நீங்க தினமும் வர்றவங்களுக்கெல்லாம் கலப்படத்தைக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கீங்க. இந்த அம்மா சோதிச்சது டிரம்முக்கு முந்தி. அதுல ஒண்ணும் இல்ல. அவங்க போட்ட கையெழுத்து சுத்தம்."

"அப்ப ரெண்டாவது கண்டெய்னர்?" என்றாள் லேப் மேடம் மெதுவாக.

செம்மலுக்கு வேர்த்தது. அதிலும் பவுடர். அதுவும் போய் மாட்டினால் அந்த நாட்டுக் கதவு நிரந்தரமாகச் சாத்திக்கொள்ளும்.

"டேய், லாரியை நிறுத்தி வைடா!" என்று கத்தினார். மழை இரைந்தது. போன் கரகரத்தது. "நிறுத்தி வை! உடனே!"

"சரி அத்தான், உடனே!"

செம்மல் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டார். "என்ன இருந்தாலும் சொன்ன சொல் தட்ட மாட்டான்," என்றார். டீயில் மூழ்கிய பிஸ்கட்டை இன்ஸ்பெக்டர் ஸ்பூனால் மீட்டெடுத்து முடிப்பதற்குள் போன் மறுபடி அடித்தது.

"நிறுத்தாச்சு அத்தான்!"

"அப்பாடா. எங்க நிறுத்தின?"

"எடை மேடையில. லாரியை ஏத்தி நிறுத்துப் பார்த்தாச்சு. எடை கரெக்டா இருக்கு. இப்பத்தான் துறைமுகத்துக்குக் கிளம்பிச்சு. பிரமாதமா ஓடுது."

வம்பு தன் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். நோட்டு குலுங்கியது.

செம்மல் தலைக்கு மேலே இருந்த காற்றைப் பார்த்தார். இந்த முறை அது கோபத்தால் அல்ல. டிரைவர் நம்பரைத் தன் போனில் தேடினார். டிரைவர் நம்பர் மச்சினரிடம்தான் இருந்தது. மறுபடி அவரிடம் கேட்கச் செம்மலுக்குத் தைரியம் வரவில்லை.

"விடுங்க சார்," என்றாள் லேப் மேடம். வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். "சான்றிதழ் இங்க இருக்கு. கையெழுத்து இல்லாம. லாரி துறைமுக வாசல் வரைக்கும் ஓடும். அதுக்கு மேல ஓடாது."

செம்மல் அந்தத் தாளை, தண்ணீரில் தத்தளிக்கிறவன் கரையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "நீ... நீங்க போய் அந்த லாரியைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்கம்மா. முதல் கண்டெய்னருக்கும் ஏதாவது..."

"லேபிளை மாத்தி ஒட்ட அனுமதி கேக்கலாம். இல்லேன்னா திருப்பி எடுத்துக்கலாம். ஆனா என்ன நடந்துச்சுன்னு காரணம் எழுதிக் கேக்கிறாங்க."

"மொழிபெயர்ப்புல தப்புன்னு எழுதுங்க," என்றாள் வம்பு. "தமிழ்லேர்ந்து தமிழுக்கு."

"எழுதுறேன். அதுக்கு முன்னாடி," லேப் மேடம் மூலையிலிருந்த மைக்கைக் காட்டினாள். செம்மல் தினமும் காலையில் உள்ளூர், எக்ஸ்போர்ட் கூடங்கள் இரண்டுக்கும் பொன்மொழி வழங்குகிற மைக் அது. "காலையில இதுலதான் என்னைக் கையாள்னு சொன்னீங்க. எல்லாரும் கேட்டாங்க. இப்ப அதுலயே இல்லைன்னு சொல்லுங்க."

"நான் வேணும்னா தனியா ஒரு வருத்தம்..."

"மைக்ல."

இன்ஸ்பெக்டர் புகாரை எடுத்து, மேசையில் வட்டக் கறை படியாமல் டீக் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதுவரைக்கும் அதற்குக் கிடைத்த முதல் உருப்படியான உபயோகம்.

செம்மல் மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். "என் உயிரினும் மேலான உழைப்பாளித் தோழர்களே, கடல் அன்னையின் மடியில்..."

"ஒரு வரி," என்றாள் லேப் மேடம்.

செம்மல் கண்ணை மூடிக்கொண்டார். ஆளுயரப் படம் மட்டும் அவருக்காகத் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தப்பு லேப் மேடம் மேல இல்ல," என்றார். "தப்பு என் மேல."

கீழே டிரம் நின்றது. பிறகு ஒற்றை ஆள் கை தட்டுகிற ஓசை கேட்டது; போன் அடித்தது.

"அத்தான், பிரமாதம்! பெயிண்டரை நிறுத்தி வெச்சிருக்கேன். இதையும் சுவத்துல எழுதிடவா?"

செம்மல் வாயைத் திறப்பதற்குள் லேப் மேடம் போனை வாங்கினாள்.

"எழுதுங்க," என்றாள். "பெரிய எழுத்துல."